படம், பக்கம் ஒன்று

கிள்ளான்
12 மார்ச் 2023

நூலக இணையப் பக்கப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். என் பெயர் புனிதா. கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பிறவியிலிருந்தே எனக்குப் பார்வை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதியிருப்பது உங்களுக்குப் புரியாது.

போன வாரம் வானொலியில் உங்கள் தலைவர் கமலநாதன் ஐயா பேசினார். பிரிக்பீல்ட்ஸ் நூலகத்தில் உள்ள பழைய தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனி யாரும் எங்கிருந்தும் படிக்கலாம் என்றார். கேட்டவுடன் கையில் இருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

என் போனில் ஒரு வாசிப்புக் குரல் இருக்கிறது. திரையில் எழுத்தாக இருப்பதை எல்லாம் அது எனக்குச் சொல்லும். உங்கள் பக்கத்தைத் திறந்ததும் அது சொன்னது: “பட்டன். பட்டன். பட்டன். பட்டன்.” எதற்கான பட்டன் என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எப்படியோ தடவித் தட்டி ஒரு புத்தகத்தைத் திறந்தேன். “படம். பக்கம் ஒன்று.” அடுத்த பக்கம். “படம். பக்கம் இரண்டு.” கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்தேன். எல்லாம் படம்.

நான் பள்ளியில் படித்த பிரெய்ல் மலாயும் ஆங்கிலமும்தான். தமிழ் எனக்குக் காது வழியாக வந்தது. இதுவரை நான் ‘படித்த’ தமிழ்க் கதைகள் எல்லாம் என் அக்கா மலர் வாசித்துக் காட்டியவை. அவள் நல்லவள்தான். ஆனால் வர்ணனை வந்தால் தாண்டிவிடுவாள். காதல் வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு பக்கம் தாண்டுவாள். எத்தனை கதைகளில் எத்தனை பக்கங்கள் எனக்கு வராமல் போயின என்று தெரியாது. ஒரு தமிழ்க் கதையை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நானே படிக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

உங்கள் ஊர் நடைபாதையில் எங்கள் கோலுக்காகக் கோடு போட்ட கற்களைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேலேயே மோட்டார் சைக்கிளையும் நிறுத்துகிறார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. ஐயா சொன்ன அந்த ‘யாரும்’ என்ற சொல்லில் நான் சேர்த்தியா இல்லையா என்று மட்டும் தெரிவியுங்கள்.

புனிதா

*

பிரிக்பீல்ட்ஸ்
15 மார்ச் 2023

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. என் பெயர் சாதிக். ஊர் கீழக்கரை. இங்கே கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நூலகத்தில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உதவி செய்கிறவன்.

நான் முதன்முதலாக அங்கே போனபோது புத்தகப் பட்டியல் என்று ஒன்றும் இல்லை. மாடியில் ஒரே ஓர் அறை. மழை பெய்தால் இரண்டு அலமாரிகளைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். வேலைக்கு இருப்பவர் ஷாமினி ஒருவர்தான். அவரும் நானும் இரண்டு வருடமாக ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தோம். கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததைக் காப்பாற்றினோம்.

பட்டியலை நடத்தும் மென்பொருளுக்கு நூலகம் ஒரு காசும் கொடுக்கவில்லை. அது திறந்த மூல மென்பொருள். பல நாட்டு நூலகர்களும் நிரல் எழுதுகிறவர்களும் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தின் வடிவமைப்பும் அப்படி யாரோ செய்துவைத்ததுதான். அந்தப் பட்டன்கள் நான் செய்தவை இல்லை.

குறை சொல்வது எளிது, டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சோறு தண்ணீர் இல்லாமல் செய்த வேலையை மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டது வருத்தமாக இருந்தது. நேரம் கிடைத்தால் பார்க்கிறேன்.

சாதிக்

*

கிள்ளான்
16 மார்ச் 2023

சாதிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் போன் வாசித்தது. அதற்குக் கோபப்படத் தெரியாது. ‘வானிலை அறிக்கை’ வாசிப்பதுபோல வாசித்தது. கோபத்தை நான்தான் அங்கங்கே சேர்த்துக்கொண்டேன்.

நீங்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. அது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முதல் வரியில் நன்றி சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன். நன்றி.

ஆனால் ஒரு கேள்வி. உள்ளே யாரும் பார்க்கலாம், யாரும் மாற்றலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய பெட்டி என்றால் உங்கள் கைக்கு எட்டாது என்று நானும் விட்டுவிடுவேன். இது திறந்து கிடக்கிறது என்கிறீர்கள். பிறகு ஏன் அது வேறு யாரோ செய்தது என்கிறீர்கள்?

உங்கள் போனிலும் அந்த வாசிப்புக் குரல் இருக்கிறது. அமைப்புகளில் தேடினால் கிடைக்கும். அதை இயக்குங்கள். கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் நூலகத்திலேயே உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைத் தேடி எடுங்கள். எடுத்துவிட்டால் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

புனிதா

*

பிரிக்பீல்ட்ஸ்
21 மார்ச் 2023

அன்புள்ள டீச்சர்,

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். ஷாமினி சாட்சி. வாசிப்புக் குரலை இயக்கிய நொடியிலிருந்து போன் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு தட்டுக்குப் பெயர் சொல்லும், இரண்டு தட்டுக்குத்தான் திறக்கும் என்பதே எனக்குத் தெரியாது. நூலகப் பக்கம் வந்தது. “பட்டன். பட்டன்.” வெளியேற நினைத்து எங்கெங்கோ தட்டினேன். எங்கேயோ மணி அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், “யெஸ், சாதிக்?”

என் மேலாளர். ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஷாமினி சிரித்துக்கொண்டே கத்தினார், “அண்ணே, கட் பண்ணுங்க லா! பாஸ் லைன்ல இருக்காரு!”

“எங்கருந்து கட் பண்றது? பட்டன் எங்க இருக்குன்னே தெரியலயே!”

கைக்குட்டையை அவிழ்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இரண்டு வருடம் உட்கார்ந்து கட்டிய பக்கத்துக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை. நீங்கள் தினமும் இப்படித்தான் ஒவ்வொரு பக்கத்தோடும் மல்லுக்கட்டி வெளியே வருகிறீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

பட்டன்களுக்குப் பெயர் கொடுப்பது ஒரு மாலை நேர வேலைதான். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. செய்து முடித்துப் பொதுவில் இருக்கும் மூல நிரலுக்கும் அனுப்பினேன். அதைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண்மணி, எந்த நாட்டவர் என்றுகூடத் தெரியாது, மறுநாளே பதில் எழுதினார். தங்களுக்கும் இது தேவைப்படும் என்றார். இதை யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டார். ‘புனிதா, கிள்ளான், மலேசியா’ என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை. பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. ஒரு மாதம் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

சாதிக்

*

கிள்ளான்
2 ஏப்ரல் 2023

அன்புள்ள சாதிக் தம்பிக்கு,

உங்களைத் தம்பி என்று அழைப்பதில் தப்பில்லையே? மேலாளர் கதையைப் படித்த பிறகு ‘அவர்கள்’ என்று எழுத வரவில்லை. ஆசிரியர் அறையில் காதில் இயர்போனோடு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை மலாய் டீச்சர் என்ன என்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார்.

பக்கத்தைச் சோதித்துவிட்டேன். இப்போது “தேடு” என்கிறது. “நூலாசிரியர்” என்கிறது. “முன் பக்கம்” என்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே போனேன். நம் நாட்டில் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களா! ரவாங்கில் ஒருவர், பந்திங்கில் ஒருவர், ரயில்வேயில் வேலை செய்த ஒருவர். வரலாறு கற்பிக்கிறேன் என்று பெயர், இவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒரு சிறு குறை. தேடியபின் விடை வந்ததா இல்லையா என்று குரல் சொல்வதில்லை. நானாகப் போய்த் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். நீங்கள்தான் வாய்ப்பே தரவில்லை.

ஆனால் புத்தகத்தைத் திறந்தால் இன்னும் படம்தான், தம்பி. வாசல்வரை கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டீர்கள். கதவு மூடியிருக்கிறது. பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்ற வழி உண்டா?

நோன்பு நல்லபடியாக நடக்கட்டும்.

புனிதா அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
18 ஜூன் 2023

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் பழைய அச்செழுத்து.

வழி உண்டு. படத்தைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், எழுத்துணரி என்கிறார்கள், அதுவும் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. புதுப் புத்தகங்களை நன்றாகவே படிக்கிறது. நம்மிடம் இருப்பவையோ அறுபதுகளில் அச்சானவை. அந்தக் காலத்து ‘லை’, ‘னை’ எல்லாம் இப்போதுபோல இருக்காது. எழுத்தின் தலையில் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு இருக்கும். எழுத்துணரி அதைப் பார்த்ததும் மிரண்டுபோய் வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. ‘மாலை வேளை’ என்று இருந்தால் ‘மால வே2’ என்கிறது.

அதனால் அதற்குப் பாடம் நடத்தினோம். ஷாமினி பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, இது இன்ன எழுத்து என்று எழுதிக் கொடுத்தார். நான் அவற்றை எழுத்துணரிக்கு ஊட்டினேன். இரண்டு மாதம் போயிற்று. இப்போது பெரும்பாலும் சரியாகப் படிக்கிறது.

முதல் புத்தகத்தை உங்களுக்கு மட்டும் இதோடு அனுப்புகிறேன். பெயர் ‘தண்ணீர்க் கதவு’. எழுதியவர் அய்யாவு. கேரித் தீவுத் தோட்டத்தில் கடல் ஏறும்போது தடுப்புக் கதவை மூடுவதும் இறங்கும்போது திறப்பதும் அவர் வேலை. முன்னுரையில் இருப்பது இவ்வளவுதான். ஒரே ஒரு நாவல் எழுதியிருக்கிறார்.

ஓர் உதவி. எங்கே கேட்கச் சரியில்லையோ அங்கே குறித்துச் சொல்லுங்கள். ஷாமினி படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். நாங்கள் இருவரும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போனவர்கள். தப்பு எங்களுக்கே தெரிவதில்லை.

சாதிக்

*

கிள்ளான்
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள தம்பிக்கு,

படித்துவிட்டேன்.

இந்த ஒரு சொல்லை எழுதுவதற்காகவே இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தேன். கேட்டுவிட்டேன் என்று எழுதவில்லை, பாருங்கள். படித்துவிட்டேன்.

கொமுட்டர் ரயிலில் பள்ளிக்குப் போகும்போது படித்தேன். பள்ளியில் இடைவேளையில் படித்தேன். ஓர் இடத்தில் புரியாமல் பின்னால் போனேன். மறுபடி படித்தேன், மறுபடியும் படித்தேன். அக்காவிடம் “இன்னொரு தடவை” என்று கேட்டால் பெருமூச்சு வரும். இந்தக் குரலுக்குப் பெருமூச்சு தெரியாது. நான் அழுதால் நிறுத்திவிட்டு என்ன என்று கேட்கவும் தெரியாது. நான் பாட்டுக்கு அழுதேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் கடல் ஏறி வரும் ஒரு மாலை இருக்கிறதே, நான்கு பக்கம்! ஒருவரும் பேசுவதில்லை, ஒன்றும் நடப்பதில்லை. தண்ணீர் வருகிறது, சேறு மணக்கிறது, கதவின் சங்கிலி நனைகிறது. இதைத்தான் அத்தனை வருடமும் எனக்குத் தாண்டி வாசித்திருக்கிறார்கள். அய்யாவு மூக்காலும் காதாலும் தோலாலும் எழுதுகிற மனிதர். என்னை மனத்தில் வைத்து எழுதினதுபோல இருந்தது.

சரியில்லாத இடங்களைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘அவள் தலையில் புகை சூடியிருந்தாள்’ என்று ஓர் இடத்தில் வருகிறது. பூவாகத்தான் இருக்க வேண்டும். ‘முதலாளி நாயோடு வந்தார்’ என்பது சரியாகவும் இருக்கலாம், ஷாமினியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வந்தபோது நீங்கள் ரொம்பக் கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமலே இருந்தீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். இதற்கென்று ஒரு காசும் வாங்காமல், பேர் போட்டுக்கொள்ளாமல், முன்பின் தெரியாத ஒருத்தி திட்டியதற்காக இரண்டு மாதம் ஓர் இயந்திரத்துக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், நீங்களும் ஷாமினியும். இதை என் வகுப்பில் சொன்னேன்.

புனிதா அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
19 நவம்பர் 2023

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தி இல்லை. என் நிறுவனம் இங்கே உள்ள பிரிவைச் சுருக்குகிறது. என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப்போவதில்லை. டிசம்பர் கடைசியில் சென்னைக்குத் திரும்புகிறேன்.

நேற்று நூலகக் குழு கூடியது. கமலநாதன் ஐயா நேரடியாகவே கேட்டார். “தம்பி, நீ போயிட்டா இத யாரு பாக்கறது? நாளைக்கே நின்னு போச்சுன்னா நான் யார்கிட்ட போயி நிக்கறது?” அவர்மேல் தப்பில்லை. ஒரு வியாபார நிறுவனம் தன் மென்பொருளை விற்க வந்திருக்கிறது. எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். வாசிப்புக் குரலோடு வேலை செய்யுமா என்று நான் கேட்டேன். “நெக்ஸ்ட் வெர்ஷன்ல பாக்கலாம் சார்” என்றார்கள். அதற்கு மாறினால் நாம் திருத்தியது எதுவும் கூட வராது. மறுபடியும் படம், பக்கம் ஒன்று.

இன்னொன்றும் ஐயா சொன்னார். அய்யாவுவின் குடும்பத்தார் எழுதிக் கொடுக்காமல் எழுத்து வடிவத்தைப் பொதுவில் வைக்கக் கூடாது. அதுவும் நியாயமே. பக்கங்களின் படங்களையும் அதுவரை இணையத்திலிருந்து நீக்கிவைத்திருக்கிறோம்.

ஜனவரிக் கூட்டம்வரை தவணை கொடுத்திருக்கிறார். பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள்.

சாதிக்

*

கிள்ளான்
22 நவம்பர் 2023

தம்பி,

உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நான் வரலாற்று ஆசிரியை. போன் தொங்கிப்போனால் அணைத்துப் போடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம். நூலகத்தின் சாவியைக் கண் தெரியாத ஒருத்தியிடம் கொடுத்தார்கள் என்று நாளைக்கு ஊர் பேசும். ஏதாவது கெட்டுப்போனால் “பாவம், அவளுக்கு என்ன தெரியும்” என்பார்கள். அந்தப் பாவத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான்.

வேறு ஆளைப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை அனுப்பாமல் வைத்திருந்தேன், இப்போது சேர்த்தே அனுப்புகிறேன். உங்களிடம் திறந்து கிடக்கிறதே, நீங்களே மாற்றுங்கள் என்று சொன்னவள் நான்தான். அதே கேள்வி என் பக்கம் திரும்பி வந்து நிற்கிறது. டிசம்பரில் பள்ளி விடுமுறை வருகிறது. நீங்கள் கிளம்புவதற்குள் எனக்கு எவ்வளவு கற்றுக்கொடுக்க முடியும்?

புனிதா அக்கா

*

சென்னை
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

உங்களிடமிருந்து தகவலே இல்லை. மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் அதற்கு மாற வேண்டும். நானே இங்கிருந்து செய்துவிடட்டுமா என்று கேட்கக் கை துறுதுறுக்கிறது. டிசம்பரில் பாடம் முடிந்த அன்று, நீங்கள் கேட்காமல் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

சாதிக்

*

கிள்ளான்
22 ஜனவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

தொடாமல் இருந்ததற்கு நன்றி. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

புதிய பதிப்புக்கு மாறிவிட்டோம். ஷாமினிக்குக் கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்புத் திரை என்றாலே பயம். “படம் கிடையாது, பட்டன் கிடையாது, வெறும் எழுத்துதான் டீச்சர், தப்பா ஏதாச்சும் அடிச்சிட்டா எல்லாம் போயிரும் லா” என்றார். “எனக்கு எல்லாத் திரையும் கறுப்புதான் ஷாமினி, இதுல எழுத்தாவது இருக்கே” என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த இடம்தான் எனக்கு வசதி. ஒரு வரி கட்டளை அடிக்கிறேன், ஒரு வரி பதில் வருகிறது, குரல் வாசிக்கிறது. மறைவாக ஒன்றும் இல்லை.

பாதியில் மாட்டிக்கொண்டேன். ஏதோ ஒரு பிழை, திரும்பத் திரும்ப வந்தது. உங்களுக்கு எழுதப் போனேன். பிறகு யோசித்து, இந்த மென்பொருளைப் பற்றி உலகத்தார் பேசிக்கொள்ளும் இணைய மன்றத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடுதான். ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் பதில் சொன்னார்கள். அதில் ஒருவர் நீங்கள் முன்பு சொன்ன பெண்மணி. “நீங்கள்தானா அந்தப் புனிதா?” என்று கேட்டிருந்தார்.

கூட்டத்தில் கமலநாதன் ஐயா கேட்டார், “ஏம்மா, மெஷின் கெட்டுப் போச்சுன்னா நீ எப்படிப் பாப்ப?”

“கேப்பேன் ஐயா” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு குரலைச் சத்தமாக வைத்து, அவர்கள் முன்னாலேயே ஒரு புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்துக் காட்டினேன். மன்றத்தில் வந்த பதில்களையும் வாசிக்க விட்டேன். ஐயா கேட்டார்.

“யாரும்மா இவங்கல்லாம்? நமக்கு ஏன் உதவி பண்றாங்க?”

“போன வருஷம் நாம அவங்களுக்குப் பட்டன் சரி பண்ணிக் குடுத்தோம் ஐயா.”

“அது சாதிக் தம்பி பண்ணினது.”

“ஆமாம் ஐயா. நம்ம நூலகம் பண்ணினது.”

நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் வந்து நின்றார். “பேச வந்த கம்பெனிக்காரன்கிட்ட நான் சொல்லிடறேன்” என்றார். அவ்வளவுதான். முடிவு நம் பக்கம், தம்பி.

ஆனால் அய்யாவுவின் புத்தகம் இன்னும் அனுமதி இல்லாமல் நிற்கிறது. அவர் மகள் நல்லம்மாள் கேரித் தீவிலேயே இருக்கிறார். போனில் பேசினேன். “எங்கப்பா எழுதினத வச்சு எவனோ பேரு வாங்கறதுக்கா? வேணாம்மா” என்று வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்று இருக்கிறேன்.

புனிதா அக்கா

*

சென்னை
24 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். “நம்ம நூலகம் பண்ணினது” என்ற இடத்தில் நிறுத்தவேண்டியதாயிற்று, அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் அங்கிருந்து கிளம்பும்போது அந்த வேலை என்னோடு முடிந்துவிடும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன். யாரும் திருத்தலாம் என்று எல்லாரிடமும் சொன்னேனே தவிர, என்னைவிட நன்றாக ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன்.

நல்லம்மாள் ஆன்டி மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அது அவர் அப்பா.

சாதிக்

*

கிள்ளான்
13 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

சீனப் பெருநாள் விடுமுறையில் கேரித் தீவுக்குப் போய் வந்தோம். ஷாமினி தன் காரில் அழைத்துப் போனார். காரில் குளிர்சாதனம் கெட்டுப்போய்ச் சன்னல்களைத் திறந்துவிட்டிருந்தோம். பாலத்தைத் தாண்டியதும் சேற்று மணம் வந்தது. புத்தகத்தில் வருகிற அதே மணம்.

நல்லம்மாள் ஆன்டி வாசலிலேயே நிற்கவைத்துவிட்டார். “போன்லயே சொல்லிட்டேன்ல?” என்றார். பிறகு என் கோல் தரையைத் தட்டும் சத்தத்தைக் கேட்டிருப்பார்போல. “ஐயோ, பாத்து வாம்மா, படி இருக்கு” என்று கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தார். நான் பிறர் பாவம் பார்ப்பதை விரும்பாதவள். அன்றைக்கு மட்டும் அதை வாங்கிக்கொண்டேன்.

காபி வந்தது. நான் பேச்சை எடுக்கவே இல்லை. அவரே எடுத்தார்.

“எங்கப்பா என்னதான்மா எழுதியிருக்காரு?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. “நீங்க படிச்சதில்லையா, ஆன்டி?”

“எங்க படிக்கறது? மூணாம் வகுப்போட நிப்பாட்டிட்டாங்க, தம்பிங்களப் பாத்துக்கணும்னு. அட்டையில அப்பா பேர மட்டும் எழுத்துக் கூட்டுவேன். வீட்டுல ஒரு புத்தகம் இருந்திச்சு, அதுவும் வெள்ளத்துல போயிடுச்சு. இப்ப கண்ணும் மங்கிப் போச்சு. வர்றவங்க எல்லாம் அப்பா நல்லா எழுதியிருக்காருன்றாங்க. என்ன எழுதியிருக்காருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

தம்பி, நானும் அவரும் ஒரே திண்டாட்டத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம். அவர் தன் சொந்த அப்பாவின் புத்தகத்துக்கு வெளியே நின்றிருக்கிறார்.

“கேக்கறீங்களா, ஆன்டி? இதுக்காக நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். சும்மா கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்து முதல் அத்தியாயத்தை ஓடவிட்டேன்.

கதையில் வரும் அய்யாவு கதவைத் திறக்கப் போகிறார், மழை பிடித்துக்கொள்கிறது, தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண் குடை இல்லாமல் ஓடி வருகிறாள். குரல் வழக்கம்போல அறிக்கை வாசிப்பதுபோல வாசித்தது. “அவள் பெயர் செங்கமரம்.”

“என்னது?” என்றார் ஆன்டி.

நான் நிறுத்தினேன். “செங்கமரம், ஆன்டி. அந்தப் பொண்ணோட பட்டப்பேரு.” அச்சு தேய்ந்த அந்தப் பெயரை எழுத்துணரி புத்தகம் முழுக்க அப்படித்தான் படித்திருந்தது. நானும் பட்டப்பெயர் என்று எண்ணிக் குறிக்காமல் விட்டிருந்தேன்.

“செங்கமரமா? செங்கமலம் லா அது! எங்கம்மா! எங்கம்மா பேரும்மா அது!”

அதற்குப் பிறகு அவர் அழுதார். ஷாமினியும் அழுதார். நான் கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“குடை இல்லாம ஓடி வந்தாங்களாமா?” என்று கேட்டார் ஆன்டி. “எங்கம்மா மழைன்னா வெளிய தல காட்டமாட்டாங்களே!” பிறகு சிரித்தார். “அப்பாவப் பாக்கப் போயிருப்பாங்க.”

மூன்று அத்தியாயம் கேட்டோம். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். செங்கமரம் வரும்போதெல்லாம் ஆன்டி குரலுக்கு முந்திக்கொண்டு “செங்கமலம்” என்றார். கடல் ஏறும் அந்த நான்கு பக்கத்தில் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அனுமதித் தாளை அவரே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று ஷாமினி விரலை வைத்துக் காட்டினார். “எல்லாரும் கேக்கட்டும். கண்ணு தெரியாதவங்க, படிக்காதவங்க, எல்லாரும். எங்கம்மா பேர மட்டும் சரியாப் போடும்மா” என்றார்.

ஷாமினி அவருடைய போனில் புத்தகத்தை ஏற்றி, எதைத் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நாங்கள் காரில் ஏறி உட்கார்ந்தோம். வண்டி நகர்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. நான்காம் அத்தியாயம். அவரே தட்டிவிட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கறுப்புத் திரையைத் திறந்தேன். புத்தகம் முழுவதும் அந்தப் பெயரைத் திருத்தினேன், பொதுவில் வைத்தேன். இதுவரை ஒவ்வொரு திருத்தத்துக்கும் படத்தைப் பார்த்து உறுதி சொல்லச் சொல்லி ஷாமினியைக் கேட்பேன். இதற்குக் கேட்கவில்லை. மகளே சொல்லிவிட்டார்.

புனிதா அக்கா